நொடிக்கு 900

2025 அக்டோபர் 3, வெள்ளி

ஆய்வகத்து ஃப்ரிட்ஜ் 12 மில்லிகெல்வினுக்கு, அதாவது தனிச் சுழிக்கு மிக அருகே, இறங்கிவிட்டது. ஃபோனில் சொன்னேன். “அத்தனை குளுர்ல என்ன வெப்பீங்க, கண்ணு?” என்றார் அம்மா. நகக்கண் அளவில் ஒரு சிப். அதை வைத்து 7 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் ஃபோட்டானை, அதாவது அந்த அலையின் ஆற்றல் துணுக்கை, ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பச்சை ஒளியின் ஃபோட்டானோடு ஒப்பிட்டால் ஆற்றல் எண்பதாயிரத்தில் ஒரு பங்குதான். சாதாரண வெப்பத்தில் கம்பிக்குக் கம்பி இவை மொய்க்கும்.

அக்டோபர் 6, திங்கள்

எண்ண ஆரம்பித்தோம். வரும் ஃபோட்டானும் நாங்கள் கொடுக்கும் பம்ப் அலையும் சிப்பில் உள்ள ஜோசப்ஸன் சந்தியில் (இரண்டு மீகடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு) கலக்கும். அந்தச் சந்தியால் ஆன க்யூபிட், இரண்டு ஆற்றல் படி கொண்ட குவாண்டம் சுற்று, ஒரு படி ஏறும். மிச்ச ஆற்றல் இன்னொரு ஒத்ததிர்வி (ரெசொனேட்டர்) வழியாக வடிந்துவிடும். வடிந்தது திரும்பாததால் ஃபோட்டான் வந்த வழியே நழுவவும் முடியாது. பத்து மைக்ரோ நொடிக்கு ஒருமுறை க்யூபிட்டைப் படிப்பது, இறக்கிவிடுவது, மறுபடி காத்திருப்பது.

எதையும் அனுப்பாமலே நொடிக்கு 900 எண்ணுகிறது. இதே வகை டிடெக்டருக்கு ஃபிரான்ஸின் சக்ளே ஆய்வகக் குழு வெளியிட்ட அளவு 85. ராத்திரி தூக்கம் இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

பதினொன்றே முக்காலுக்கு இயற்பியல் நோபல் அறிவிப்பு: கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ். ஜோசப்ஸன் சந்திக்கே பரிசு! எல்லோரும் கேக் வெட்டப் போனார்கள். நான் பம்ப் அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தேன்; அப்போது ஃபோட்டானால் க்யூபிட்டை ஏற்ற முடியாது. 900, 40 ஆனது. அப்படியானால் க்யூபிட் தானாகத் துள்ளுவது அந்த 40 மட்டும்தான். மீதி 860-உம் அசல் ஃபோட்டான்கள். பாவம், டிடெக்டரைத் திட்டித் தீர்த்திருந்தேன். கணக்குப் போட்டால் கம்பி 50 மில்லிகெல்வினில் இருக்கிறது, அதைத் தாங்கும் தட்டு 12-இல்.

கேக் தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 13, திங்கள்

சூடேற்றித் திறந்தோம். கம்பி வழியே மேலிருந்து வரும் வெப்ப இரைச்சலை அடக்கும் அட்டெனுவேட்டரைத் தாமிரத் தட்டோடு பிடிக்கும் நான்கு திருகில் இரண்டு, விரலால் தொட்டாலே சுற்றின. செக்லிஸ்டில் அந்த வரிக்கு நேரே டிக், பக்கத்தில் என் கையெழுத்து. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 17, வெள்ளி

திருகை முடுக்கி மறுபடி குளிரவைத்தோம். நொடிக்கு 130. கம்பி 38 மில்லிகெல்வின். “ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆயிருச்சா?” என்று அம்மா. ஆயிருச்சும்மா.

அடுத்த முறை திறக்கும்போது எர்பியம் என்ற உலோகம் சிறிது கலந்த படிகம் ஏறும். ஒற்றை எர்பியம் அயனி விடும் ஃபோட்டானை 2023-இலேயே சக்ளேயில் பிடித்துவிட்டார்கள். எங்களுக்கும் ஆசை இருக்கிறது. திருகு முடுக்க இனி இரண்டு பேர்.