நார்வே: சொகுசுக் கப்பலா, சொந்தத் திட்டமா?

வரும் ஜூன் மாதம் நார்வே செல்வதென்று வீட்டில் முடிவானதிலிருந்து, சொகுசுக் கப்பலில் போவதா, நாங்களே திட்டமிட்டுப் போவதா என்ற கேள்வியே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கப்பலின் வசதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். விலைவாசி மிகுந்த அந்நாட்டில் உணவும் தங்குமிடமும் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடுகின்றன, முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கும் அது எளிது. ஆனால், சில நூறு பேர் மட்டுமே வாழும் கெய்ராங்கர் என்ற சிற்றூரில் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி, மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்குச் செல்லும் ரயில், ஏறத்தாழ 7 மணி நேரப் பயணத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரத்திலுள்ள ஃபின்சே நிலையத்தைக் கடக்கிறது. வழியில் மிர்டாலில் இறங்கினால், சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் 866 மீட்டர் கீழிறங்கும் கிளைப்பாதை, மலைகளுக்கிடையே கடல்நீர் புகுந்து கிடக்கும் ஃபியோர்டின் கரையிலுள்ள ஃப்ளாமில் கொண்டுசேர்க்கும். அங்கிருந்து, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற, மிகக் குறுகலான இடத்தில் 250 மீட்டர் அகலமே கொண்ட நேரோய்ஃபியோர்டுக்குள் மின்கலத்தில் இயங்கும் படகில் போகலாம். இதற்காகவே நான் இத்தனை ஆண்டுகள் பணம் சேர்த்தேன்.

கடலையும் விட மனமில்லை. 1893இல் தொடங்கிய கடலோரக் கப்பல் சேவை இன்று பெர்கனுக்கும் கிர்கெனெஸுக்கும் இடையே 34 துறைமுகங்களில் நின்று, சரக்கையும் உள்ளூர் மக்களையும் ஏற்றிச் செல்கிறது. விரும்பிய துறைமுகம் வரை மட்டும் பயணச்சீட்டு எடுக்கலாம். ஆகவே பெர்கன் வரை ரயில், பிறகு லோஃபோட்டன் தீவுகளின் ஸ்வோல்வேர் வரை இக்கப்பல் என்று தீர்மானித்திருக்கிறேன். அம்மாவுக்காக ஒவ்வோர் ஊரிலும் இரண்டு இரவுகள் தங்குகிறோம்.