சரியாகச் சொன்னது தவறாகிப்போன கதை

38 வயதில் இந்தி கற்கத் தொடங்கிய எனக்கு ஆறாவது மாதத்தில் ஒரு சறுக்கல் நேர்ந்தது. 'நான் வந்தேன்' என்பதற்கு 'மை ஆயா' என்று முதல் வாரத்திலிருந்தே பிழையின்றிச் சொல்லிவந்த நான், 'மைனே ஆயா' என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். தெரிந்திருந்ததும் கைநழுவுகிறதே என்ற சோர்வில், மனிதர்கள் மொழியைப் பெறும் விதம் குறித்த ஆய்வுகளைத் தேடிப் படித்தபோதுதான், குழந்தைகளும் இதே வழியில் பின்னோக்கி நடந்துவிட்டு முன்னேறுகிறார்கள் என்பது தெரியவந்தது.

ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் குழந்தை, 'கம்' (வா) என்பதன் இறந்தகால வடிவத்தை முதலில் 'கேம்' என்று சரியாகவே சொல்கிறது. சில மாதங்கள் கழித்து 'கம்டு' என்கிறது. பிறகு மெல்ல மெல்ல 'கேம்' என்பதற்கே திரும்புகிறது. முதலில் சொன்னது காதில் விழுந்த ஒரு சொல்லின் நினைவு மட்டுமே. நடுவில் சொன்னதோ, இறந்தகாலத்திற்கென்று ஒரு விதி இருப்பதைக் குழந்தை தானாகக் கண்டுகொண்டதற்கான சான்று. பெரியவர்கள் யாரும் 'கம்டு' என்று சொல்லித் தருவதில்லை.

மொழி என்பது கேட்டதைத் திருப்பிச் சொல்லியும் பாராட்டுப் பெற்றும் படியும் பழக்கம் என்ற கருத்தை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1957இல் விரிவாக முன்வைத்தார். அடுத்த ஆண்டே ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், 4 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளிடம் பறவை போன்ற ஒரு கற்பனை உயிரின் படத்தைக் காட்டி, 'இது ஒரு வக். இப்போது இரண்டு இருக்கின்றன' என்று சொல்லி வாக்கியத்தை முடிக்கச் சொன்னார். அதற்கு முன் எங்கும் கேட்டிருக்க வாய்ப்பில்லாத அந்தச் சொல்லுக்கும் பெரும்பாலான குழந்தைகள் சரியான பன்மை வடிவத்தைச் சொன்னார்கள். 1959இல் மொழியியலாளர் சோம்ஸ்கி எழுதிய கடுமையான மதிப்புரைதான் ஸ்கின்னரை வீழ்த்தியதாக வழக்கமாகச் சொல்வார்கள்; என்னைக் கேட்டால் அந்தப் பறவைப் படமே வலுவான மறுப்பு.

என் கதைக்கு வருகிறேன். இந்தியில் செயப்படுபொருள் குன்றாவினை ('படித்தேன்' போல 'எதை?' என்று கேட்க இடம்தரும் வினை) முடிந்த செயலைக் குறித்து வரும்போது எழுவாய் 'நே' உருபை ஏற்கும். வினை எழுவாயை விட்டுவிட்டுச் செயப்படுபொருளின் பாலுக்கு இசையும். 'கிதாப்' பெண்பால் என்பதால், புத்தகம் படித்த ஆணும் 'மைனே கிதாப் படீ' என்றே சொல்ல வேண்டும். எழுவாய்க்கே வினைமுற்று இசையும் தமிழில் வளர்ந்த நான் தொடக்கத்தில் 'மை கிதாப் படா' என்றேன். அது தாய்மொழி தந்த பிழை. 'நே' பிடிபட்டதும் அது தேவைப்படாத 'வந்தேன்' என்பதற்கும் அதை ஒட்டவைத்தேன். இது புதிய மொழிக்குள்ளிருந்தே பிறந்த பிழை. இரண்டையும் ஒரே சிவப்பு மையால் அடிப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். கற்பவரின் பிழைகள் அவர் மனத்தில் உருவாகிவரும் ஒழுங்கைக் காட்டுகின்றன என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் எழுதினார். தாய்மொழியாகவும் இலக்கு மொழியாகவும் இல்லாத அந்த ஒழுங்கிற்கு மற்றொரு மொழியியலாளரான லாரி செலிங்கர் 1972இல் 'இடைமொழி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

தன்னையறியாமல் மொழியைப் பெறுவதும் விதிகளை அறிந்து கற்பதும் வேறுவேறு என்றும், கற்ற விதி நம் பேச்சைக் கண்காணிக்க மட்டுமே உதவும் என்றும் மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் வாதிட்டார். அவர் சொன்ன அளவுக்கு இரண்டுக்கும் இடையே சுவர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிரேசிலில் தங்கிப் போர்ச்சுகீசியம் கற்றபோது நாட்குறிப்பு எழுதிவந்த மொழியியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட், பிறர் பேச்சில் தான் கவனித்த வடிவங்களே தன் பேச்சிலும் இடம்பெற்றதைக் கண்டு, கவனித்தல் இன்றிக் கற்றல் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். எனக்கும் 'நே' பாடப்புத்தகத்தில் படித்த நாளில் வரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் தொலைபேசியில் பேசியதில் அது மீண்டும் மீண்டும் காதில் உறுத்திய பிறகுதான் என் பேச்சில் எட்டிப்பார்த்தது.

'மைனே ஆயா' இரண்டு மாதங்களில் தானாகவே மறைந்துவிட்டது. 'கிதாப் படா' மட்டும் போகவில்லை. எழுதும்போது திருத்திவிடுகிறேன், வேகமாகப் பேசும்போது இன்றும் அதுதான் முந்திக்கொண்டு வருகிறது.