குடிலுக்குக் கேழ்வரகு நாற்று: மகிழ்ச்சி ஞாயிறு முதல் பத்து நாள்

இயேசு பிறப்பைக் காட்டும் கிறிஸ்துமஸ் குடிலில் புல்தரைக்குப் பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் போதும்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் முழுக்கக் காத்திருப்பு. அதைக் கையால் செய்து பார்க்க, தட்டில் விதை தூவுவது நல்ல வழி. வேலூரில் 2025இல் கேழ்வரகு ஒரு தட்டும் கோதுமை ஒரு தட்டும் போட்டுப் பார்த்த குறிப்பு இது.

தூவியது திருவருகையின் மூன்றாம் ஞாயிறு, டிசம்பர் 14. ரோஸ் மெழுகுவர்த்தி ஏற்றும் மகிழ்ச்சி ஞாயிறு. 24ஆம் தேதி இரவுக்குச் சரியாகப் பத்து நாள். முதல் ஞாயிறே போட்டால் கோதுமை நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துவிடும். ஆடும் இடையரும் புல்லுக்குள் காணாமல் போவார்கள்.

விதைதான் முக்கியம். தீட்டிய கேழ்வரகில் முளை அடிபட்டிருக்கும். பழைய சரக்கும் ஏமாற்றும். ஒரு வாரம் முன்பே 20 மணியை ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று நாளில் 16க்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை. ஓரடிச் சதுரத் தட்டுக்குக் கேழ்வரகு 25 கிராம், கோதுமை 120 கிராம். சனிக்கிழமை இரவு முழுக்க ஊறியது.

மண் இரண்டு அங்குலம்: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒன்று, மணல் ஒன்று. எம்‑சாண்ட் என்றால் நான்கைந்து தண்ணீர் அலசியே போட வேண்டும். அதன் மாவுத்தூள் தட்டின் ஓட்டைகளை அடைத்துவிடும். கோதுமையை மண்ணால் மெல்ல மூடினால் போதும். கேழ்வரகை மூடவே வேண்டாம், உள்ளங்கையால் அழுத்திவிட்டு ஈரச் சாக்கு போர்த்தினால் சரி. எறும்பு மட்டும் விடாது, கேழ்வரகை மணி மணியாய்த் தூக்கிப் போகும். தட்டைச் செங்கல் மேல் வைத்து, செங்கலைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் நிறுத்தியபின் நின்றது.

இரண்டாம் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கோதுமையில் வெண்முனை. கேழ்வரகு நான்காம் நாள்தான். மார்கழிக் குளிரில் எல்லாம் ஒருநாள் தள்ளியே நடக்கும். இந்தச் சமயம் வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் பூஞ்சணம் என்று பதற வேண்டாம். தண்ணீர் தெளித்ததும் படிந்துபோனால் அது வேர்த்தூவி. விதைக்கும் விதைக்கும் இடையே நூலாம்படை போலப் பரவி, புளித்த வாடை அடித்தால்தான் பூஞ்சணம். கேழ்வரகுத் தட்டின் ஒரு மூலையில் அது வந்தது, அடர்த்தியாக விழுந்த இடத்தில். அந்த மூலையைக் கரண்டியால் எடுத்துவிட்டு, தண்ணீரைக் காலை ஒருவேளையாகக் குறைத்ததில் மற்றது பிழைத்தது. மழைக்கால ஈரத்துக்கு ஒருவேளை தாராளம்.

முளை கண்டதும் சாக்கை எடுக்க வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டு, நிற்கத் தெம்பில்லாமல் போகும். பிறகு கிழக்கு ஜன்னல், தினம் கால்வட்டம் திருப்புதல்.

தெளிக்கும் வேலை இரண்டு நிமிடம். அதோடு அன்றைய நற்செய்தி வாசகத்தைச் சேர்த்தால் பத்து நிமிடம் ஆகிறது. போன் இன்னொரு அறையில். திருவருகை ஞாயிறுகளில் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டைப் பாடுவதில்லை. வீட்டிலும் கிறிஸ்துமஸ் பாட்டை 24 இரவு வரை தள்ளி வைத்தால் பொழுதின் அமைதி தெரியும். ‘எப்போதும் மகிழுங்கள்’ என்று சொல்லி மகிழ்ச்சி ஞாயிறுக்குப் பெயர் தந்த பிலிப்பியர் 4:4 ஒருநாளும், கோதுமை மணி மண்ணில் விழுவதைச் சொல்லும் யோவான் 12:24 ஒருநாளும் வாசிக்கலாம். முளை தெரியாத நாளில் இரண்டாவதுதான் பொருத்தம்.

24ஆம் தேதி அளவு: கோதுமை ஐந்து அங்குலம், கேழ்வரகு ஒன்றரை. குடிலின் முன்புறம் புல்தரைக்குக் கேழ்வரகே அழகு. கோதுமை பின்னால், மலைச்சரிவில். மலை செய்யும் சாயக் காகிதத்துக்கு அடியில் பாலித்தீன் விரிக்காவிட்டால் ஈரம் ஏறிச் சாயம் குடிலின் சொரூபங்களில் (சிலைகளில்) ஒட்டும். சீரியல் விளக்கு நாற்றில் படக் கூடாது. குழந்தை இயேசுவை வைக்கும் தீவனத் தொட்டி நள்ளிரவு வரை காலி.

புத்தாண்டுக்குக் கோதுமையை ஓரங்குலம் விட்டு வெட்டினால் மீண்டும் தழைக்கும். கேழ்வரகு தழைக்காது. ஜனவரி தொடக்கத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் தட்டோடு பசுவுக்கு.