ஹேர்மிஸ் தாண்ட கிழமை

ஏப்ரல் 5, 2026, ஞாயிறு
இண்டைக்கு ஈஸ்டர். 1942லயும் ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறுதான், கலண்டர் அப்படியே ஒத்துவருது. அண்டைக்குக் காலையிலதான் ஜப்பான்காரன் கொழும்புக்குக் குண்டு போட்டான். முதல்நாளே கொக்கலையில இருந்து கற்றலினா விமானத்தில போன கனடாக்காரர் பேர்ச்சல் நடுக்கடல்ல அந்தப் படையக் கண்டு வயர்லெஸ்ஸில சொல்லிட்டார், சொல்லி முடியிறதுக்குள்ள அவர்ட விமானத்தச் சுட்டு விழுத்திட்டாங்க. அப்படிச் சொல்லியும் கோர்ன்வோல், டோர்செட்ஷயர் எண்ட ரெண்டு பிரிட்டிஷ் குரூசர் போர்க்கப்பலும் அண்டைக்கே கடல்ல தாண்டு 424 பேர் செத்தாங்க.

ஏப்ரல் 7, செவ்வாய்
நம்மட மட்டக்களப்புக் கடலுக்குள்ள தாண்டு கிடக்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹேர்மிஸ் பற்றி ரெண்டு நாளா வாசிக்கிறன். விமானந்தாங்கியாவே கட்டோணும் எண்டு திட்டம் போட்டு 1918ல வேலை தொடங்கின கப்பல், இழுபட்டு இழுபட்டு 1924லதான் கடற்படைக்கு வந்தது, அதுக்குள்ள ஜப்பான் பிந்தித் தொடங்கின ஹோஷோ எண்ட விமானந்தாங்கிய 1922லயே முடிச்சிட்டுது. 1921ல ஜப்பான் கடற்படைக்கு விமானம் ஓட்டப் பழக்கப் போனதும் பிரிட்டிஷ்காரங்கதான். இதுக்கு மேல வாசிக்க மனம் வரல்ல, லைட்ட நூத்திட்டுப் படுத்துட்டன்.

ஏப்ரல் 8, புதன்
84 வருசத்துக்கு முந்தி இதே பின்னேரம் ஹேர்மிஸ் திருகோணமலைய விட்டு வெளிக்கிட்டது. அடுத்தநாள் துறைமுகத்துக்கு அடி விழும் எண்டு தெரிஞ்சுதான் அனுப்பினாங்க, கூட அவுஸ்திரேலியாட வம்பயர் நாசகாரி. எனக்குத் தாங்க முடியாதது என்னண்டா கப்பல்ல ஒரு விமானமும் இல்ல, அதுட ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் எல்லாம் சீனன்குடாவுல கரையில நிண்டது. விமானந்தாங்கி எண்டு பேர் மட்டும், மேல வெறும் தளம், பாதுகாக்க ஒரு சண்டை விமானம் இல்ல. அந்த ஆக்கள் அண்டிரவு எப்படி நித்திரை கொண்டிருப்பாங்க?

ஏப்ரல் 9, வியாழன்
விடிய முகத்துவாரத்தால மாமாட போட்டில போனம். கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடந்தது. கரையில இருந்து ஒம்பது கிலோமீட்டர் போல, ஜிபிஎஸ் பார்த்து எஞ்சின நிப்பாட்டினார். மீன் பாக்கிற மெசின் திரையில 53 மீற்றர்ல அடி நேராப் போய்க்கொண்டிருந்த கோடு திடீரெண்டு மேல ஏறிச்சு, ஏறின உயரத்திலயே கொஞ்ச நேரம் போய் திரும்பச் சரிஞ்சுது. "இதுதான் மனே கப்பல், வலை விட்டா கிழிஞ்சு போயிரும்" எண்டார். நான் ஒண்டும் கதைக்கல்ல.

பத்தரை ஆச்சு. இந்த நேரம்தான் அண்டைக்கு குண்டுவீச்சு விமானங்கள் செங்குத்தா இறங்கினது. விடியவே திருகோணமலைய அடிச்சிட்டாங்க, பிறகு ஹேர்மிஸையும் வம்பயரையும் திரும்பி வரச் சொல்லியாச்சு, அதுக்குள்ள ஜப்பான் வேவு விமானம் கண்டுட்டுது. அரை மணித்தியாலம்கூட ஆகல்ல, ஹேர்மிஸ் முடிஞ்சுது. 307 பேர் செத்தாங்க, கப்டன் ஒன்ஸ்லோவும் அதுக்குள்ள. வம்பயரும் பின்னால போச்சு. உதவிக்குக் கூப்பிட்ட ஃபுல்மர் விமானங்கள் வந்து சேரேக்க எல்லாம் முடிஞ்சு போச்சு.

நல்ல காலத்துக்கு வீட்டா எண்ட ஆஸ்பத்திரிக் கப்பல் கிட்டத்தில வந்தது, அது ஏத்தினது கிட்டத்தட்ட 600 பேர், சில ஆக்கள் நாங்க வந்த இந்தத் தூரத்த நீந்தியே கரைக்குப் போயிருக்காங்க. தண்ணியப் பார்த்துட்டு நிமிர்ந்து கரையப் பார்த்தன், தென்னமரங்கள் ஒரு மெல்லிய கோடாத்தான் தெரிஞ்சுது.

ஏப்ரல் 10, வெள்ளி
பாசிக்குடாவுக்கு வெளிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ட எண்ணெய்க் கப்பலும் அதே 9ம் திகதி தாண்டதுதான், அது ஆழம் குறைவு. ஞாயிறு கடல் ஒத்துவந்தா கூட்டிப்போறன் எண்டு மாமா சொல்லியிருக்கார்.