‘வீசிங்’ என்று எழுதிய சீட்டோடு வருகிறவர்களுக்கு

வீசிங் என்பது நோயின் பெயர் இல்லை. சுருங்கிப்போன மூச்சுக்குழாய் வழியாகக் காற்று வெளியே போகும்போது எழுகிற சத்தம், அவ்வளவுதான். குழாய் ஏன் சுருங்கியது என்று பார்க்காமல் சத்தத்துக்கு மட்டும் மருந்து சாப்பிட்டு, மாதக்கணக்கில் இருமிக்கொண்டு வருகிறவர்களைத்தான் நெஞ்சகப் பிரிவில் அதிகம் பார்க்கிறோம். பை நிறைய மாத்திரை அட்டையும் பாதி பாதியாக இருமல் டானிக் பாட்டிலும் இருக்கும். ஊதிப் பார்த்த ரிப்போர்ட் ஒன்றுகூட இருக்காது.

இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் நம் ஊரில் முதலில் காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். “எனக்கு இழுப்புதானே” என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பரிசோதனையே வீண். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து காறி எடுத்த கெட்டிச்சளி வேண்டும். கூடவே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே.

அடுத்து, மருத்துவர் கேட்காமலே நீங்களாக அவரிடம் சொல்ல வேண்டிய சில விஷயங்கள். பிரஷருக்கு ராமிப்ரில், எனலாப்ரில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். மாத்திரையை மாற்றிய பிறகும் அது அடங்கச் சில வாரம் ஆகும். சிலருக்கு மூன்று மாதம்கூட. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்று மருந்து கேளுங்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது மூக்கு வழியாக இரத்தத்தில் கலந்து கடுமையான இழுப்பைக் கிளப்பிவிடும். வலி மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் இழுப்பு வந்தால் அதையும் சொல்லுங்கள். பீடி, சிகரெட் தொடாத அம்மாவுக்கு ஏன் நுரையீரல் அடைப்பு என்று கேட்பவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது, எத்தனை வருஷம் விறகு அடுப்பு ஊதினார்கள் என்பதுதான். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென இருமலும் ஒரு பக்கம் மட்டும் வீசிங்கும் வந்தால், நிலக்கடலையோ புளியங்கொட்டையோ குழாயில் போயிருக்கும். அதற்கு நெபுலைசர் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

சாதாரண இரத்தப் பரிசோதனையில் ஒரு வரியைத் தவறாமல் பாருங்கள்: இயோசினோபில் என்ற ஒருவகை வெள்ளை அணு. ஆஸ்துமாவிலும் அலர்ஜியிலும் இது கொஞ்சம் ஏறும். இயோசினோபிலின் மொத்த எண்ணிக்கை 3000 தாண்டி, இரவில் விடாத இருமலும் வீசிங்கும், உடல் மெலிவும் சேர்ந்து இருந்தால் யானைக்கால் கிருமி நுரையீரலில் கிளப்பும் ஒவ்வாமையை நினைக்க வேண்டும். 1940-ல் ஆந்திராவில் உள்ள மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்திலிருந்து ஃப்ரீமோட்-மோலர், பார்ட்டன் என்ற மருத்துவர்கள் இதைக் காசநோய் போலத் தோன்றும் ஒரு நிலை என்று எழுதினார்கள். 1943-ல் வைங்கார்ட்டன் ‘டிராபிகல் இயோசினோபீலியா’ என்று பெயர் வைத்தார். நம் மண்ணில் கண்டெடுத்த நோய் இது. இன்றும் ஆஸ்துமா என்றே பெயர் வாங்கி வருஷக்கணக்கில் தப்பிவிடுகிறது. இரவில் எடுத்த இரத்தத்தில்கூடக் கிருமி தெரியாது. இதற்கு மருந்து டைஎத்தில்கார்பமசின் மாத்திரை, உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் கணக்கில் ஒரு நாளைக்கு, மூன்று வாரம். 50 கிலோ இருப்பவருக்கு 100 மில்லிகிராம் மூன்று வேளை. நான்கைந்து நாளில் இருமல் குறைந்துவிட்டது என்று நிறுத்துகிறவர்களுக்குத் திரும்பி வரும். வயிற்றுப் புழுவாலும் இயோசினோபில் ஏறும் என்பதால் மலப் பரிசோதனையும் அவசியம். அதில் ஒருவகைப் புழு இருக்கும்போது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

இனி ஊதும் சோதனை. ஸ்பைரோமெட்ரி என்று எழுதித் தருவார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் பஃப்பை நான்கு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், 12 மணி நேரம் வேலை செய்யும் இன்ஹேலர் மருந்தை ஒரு நாள் முன்பே. வயிறு முட்டச் சாப்பிட்டு வராதீர்கள். பாவாடை நாடா, பெல்ட் இறுக்கம் தளர்ந்திருக்கட்டும். மூக்கில் கிளிப் போட்டு, குழலை உதடு சுற்றிக் கவ்வி, நெஞ்சு முழுக்க இழுத்து, ஒரே அடியாக வெடித்தாற்போல் ஊத வேண்டும். கஷ்டம் அதற்கப்புறம்தான்: காற்று தீர்ந்துவிட்டது என்று தோன்றும்போதும் ஆறு விநாடி வரை விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பாதிப் பேர் இரண்டாவது விநாடியில் விட்டுவிடுவார்கள், அல்லது நடுவில் இருமிவிடுவார்கள். அதனால்தான் ஒத்துப்போகிற மூன்று ஊதல் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறகு நான்கு பஃப் சால்புடமால், 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி ஊதல். முதல் விநாடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடியிருந்தால் ஆஸ்துமாவின் பக்கம் கை காட்டுகிறது என்று பொருள். நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் எல்லாம் சரியாகவே வரும். அதை வைத்து ஆஸ்துமா இல்லை என்று சொல்ல முடியாது. அப்போது ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் கருவியில் காலையும் மாலையும் மும்மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை இரண்டு வாரம் நோட்டில் எழுதி வாருங்கள்.

ஆஸ்துமா என்று முடிவானால் மருந்து இன்ஹேலர்தான். “பம்ப் அடித்தால் பழகிவிடும், மாத்திரையே போதும்” என்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம் சால்புடமால் இருக்கிறது, ஒரு மாத்திரையில் 4 மில்லிகிராம், அதாவது 40 மடங்கு. கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். சால்புடமாலை மட்டும் அடித்துக்கொண்டிருப்பதும் தப்பு. அது குழாயை விரிக்குமே தவிர உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றாது. வீக்கத்துக்கு பியூடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு பஃப் வேண்டும். அது இருமல் நின்ற பிறகும் தொடர வேண்டிய மருந்து. குறைந்தது மூன்று மாதம் அடங்கி இருந்தால்தான் அளவைக் குறைப்பது பற்றிப் பேச்சு.

மருந்து வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம், எங்கள் முன்னால் ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்வோம். அநேகமாக அங்கேயே விடை கிடைத்துவிடும். குலுக்க மறந்திருப்பார்கள். அல்லது முதலில் அழுத்திவிட்டு அப்புறம் இழுப்பார்கள். வாயோரம் வெள்ளைப் புகை வெளியே வரும், மருந்து முழுக்க நாக்கில். நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, நான்கைந்து விநாடி இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி விட்டு மறுபடி குலுக்க வேண்டும். இது கைவராதவர்கள் ஸ்பேசர், அதாவது இன்ஹேலரில் மாட்டும் பிளாஸ்டிக் குடுவை, வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பஃப் அடித்து ஐந்து மூச்சு போதும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் கருவி என்றால் நேர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்கி வந்தவர்களும் உண்டு. கொடுக்கும்போதே கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்டீராய்டு பஃப் முடிந்ததும் தொண்டை வரை கொப்பளித்துத் துப்புங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படரும்.

பேசினால் ஒரு வாக்கியம் முடிக்க முடியவில்லை, கழுத்துக்குழி உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை ஸ்பேசரில் சால்புடமால் ஒவ்வொரு பஃப்பாக நான்கு முதல் பத்து வரை, 20 நிமிடத்துக்கு ஒருமுறை. உட்கார்த்தியே வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். சத்தம் திடீரென நின்றுபோய் ஆள் சோர்ந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. சத்தம் எழுப்பக்கூடக் காற்று போகவில்லை என்று பொருள்.

கடைசியாக, புது இன்ஹேலர் வாங்கிய அன்றே அதன் மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். 120 பஃப் உள்ளதை வேளைக்கு இரண்டாக இரு வேளை அடித்தால் 30 நாள். அதன் பிறகும் அழுத்தினால் புஸ்ஸென்று வரும், ஆனால் அதில் மருந்து இருக்காது.