பொம்மைக்கு ஒரு காவடிப் புடவை

2025 ஜனவரி 5, ஞாயிறு. ரோஸ் ஹில், மொரீஷியஸ்

விடுமுறைக்கு வந்திருக்கும் அக்கா மகளும் நானும் இன்று அலமாரியின் மேல்தட்டை ஒழித்தபோது, அம்மாவின் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் என் முதல் பார்பி கிடைத்தாள். பிரான்சில் வேலைக்குப் போயிருந்த அத்தை 1980-இல் எனக்கு அனுப்பிய பொம்மை அது. இன்று என்னிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட பொம்மைகள் இருந்தாலும், இவள் எங்கே போனாள் என்று தேடாத ஆண்டில்லை.

முதுகின் கீழ்ப்புறத்தில் 1966 என்று பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு, "சின்னம்மா, இது ரொம்பப் பழசு!" என்று அக்கா மகள் துள்ளினாள். பொம்மை சேர்க்கத் தொடங்கும் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால், உட்கார வைத்து விளக்கினேன். அந்த எண் பொம்மை செய்யப்பட்ட ஆண்டன்று. இடுப்பைத் திருப்பக்கூடிய அந்த உடல் வார்ப்புக்கு உரிமை பதிவான ஆண்டு. அதே வார்ப்பைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியதால், எண்பதுகளில் வந்த பொம்மைகளின் முதுகிலும் 1966 என்றே இருக்கும். தலை வார்ப்பின் ஆண்டு கழுத்தின் உள்விளிம்பில் தனியாக இருக்கும்; இவளுக்கு அது 1976. ஆகவே முகம், உடல், எந்த நாட்டில் செய்தது என்ற எழுத்து, உடுப்பு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் வயதைச் சொல்ல முடியும்.

முழங்கால் இன்னும் "டிக்" என்று மடங்குகிறது. முகச்சாயம் அழியவில்லை. ஆனால் இரண்டு காதுகளைச் சுற்றியும் பாசி படிந்ததுபோல் பச்சை ஏறியிருக்கிறது. அதைச் செய்தது நான்தான். ஒன்பது வயதில், தைப்பூசக் காவடிக்கு என் காதில் தோடு போட்டதுபோல் இவளுக்கும் போட வேண்டும் என்று அம்மாவின் பித்தளைக் குண்டூசிகளைக் குத்திவிட்டேன். அவை இன்னும் அப்படியே இருக்கின்றன.

ஜனவரி 9, வியாழன்

ஊசிகளை உருவினேன். பித்தளையில் செம்பு இருக்கிறது. நாள்பட பொம்மையின் வினைல் பிளாஸ்டிக் மெல்லச் சிதையும்போது, அதோடு ஒட்டியிருக்கும் செம்பும் அரித்துப் பச்சை உப்பாக மாறி உள்ளே ஊறிவிடுகிறது. அது மேல்பூச்சு அழுக்கன்று என்பதால் சோப்பும் துணியும் அதைத் தொடுவதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் உலோகத் தோடுகளோடு வந்த பார்பிகளில் பலவற்றுக்கும் இதே நோய்தான்.

மருந்துக் கடையில் முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு களிம்பை வாங்கி, கறைமேல் மட்டும் தடவி, காய்ந்துபோகாமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, காது மட்டும் வெயிலில் படும்படி ஜன்னல் ஓரத்தில் படுக்க வைத்திருக்கிறேன். முகச்சாயத்தில் பட்டால் வெளுத்துவிடும் என்பதால் கண்ணுக்கும் உதட்டுக்கும் பருத்தித்துணி போர்த்தியாயிற்று. மருத்துவமனையில் கிடப்பவளைப்போல் இருக்கிறாள்.

ஜனவரி 12, ஞாயிறு

காவடி வருவதற்குள் இவளுக்கு ஒரு புடவை கட்ட வேண்டும் என்று அக்கா மகள் கேட்டாள். அதற்காகவே இன்று காத்ர் போர்ன் சந்தைக்குப் போனோம். வியாழனும் ஞாயிறும் அங்கே துணிக்கடைகள்தான். மூன்று கடைகளில் ஏறி இறங்கி, ரோஜா நிறத்தில் மிக மெல்லிய 'வாயில்' (voile) வகைத் துணி ஒரு மீட்டர் வாங்கினேன். நம் ஊரில் காவடி எடுப்பவர் உடுத்தும் நிறம் அதுதானே.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று முழுதும் தோல்வி.

கணக்குப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பொம்மையின் உயரம் 29 சென்டிமீட்டர். ஆறால் பெருக்கினால் 174 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண். ஐந்தரை மீட்டர் நீளமும் ஒன்றேகால் கெஜ அகலமும் உள்ள புடவையை ஆறால் வகுத்தால் 92 சென்டிமீட்டர் நீளம், 19 சென்டிமீட்டர் அகலம். அப்படியே வெட்டிக் கட்டினால், கொசுவம் வயிற்றின்மேல் ஒரு மூட்டையாக நின்றது, முந்தானை தோளில் படியாமல் பலகைபோல் விறைத்தது.

நீளத்தையும் அகலத்தையும் ஆறால் வகுக்கலாம், நூலின் தடிமனை வகுக்க முடியாது. உண்மைப் புடவை தன் எடையாலேயே கீழே விழுகிறது. பொம்மைப் புடவைக்கு விழுவதற்கு எடையே இல்லை. பொம்மைத் தையலின் கடினம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது. பார்பியின் இடுப்பை அவ்வளவு ஒடுக்கமாக வைத்ததற்கு, பாவாடை நாடாவும் மடிப்பும் சேர்ந்த துணித் தடிமனும் ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. வேறு எத்தனை குறை அந்த உருவத்தின்மேல் சொன்னாலும், கொசுவம் வைத்துப் பார்த்தவள் என்ற முறையில் இந்தக் காரணத்தை நான் நம்புகிறேன். 1959-இல் வந்த முதல் பொம்மைக்கு உடுப்பு வடிவமைத்த சார்லட் ஜான்சன் மெல்லிய துணியையும் சின்னஞ்சிறு பொத்தானையும் தேடி எவ்வளவு அலைந்திருப்பார் என்று இன்று எனக்குப் புரிகிறது.

மாலையில் அம்மா வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு எதுக்குடி ஆறு கெஜம்? உள்சுற்றை எடுத்துடு" என்றார்கள். நாற்பது ஆண்டு தையல் ஆலையில் உட்கார்ந்தவர்களின் சொல். அதன்படி, இடுப்பைச் சுற்றும் முதல் சுற்றை அறவே நீக்கி, கொசுவத்துக்கும் முந்தானைக்கும் மட்டும் துணியை விட்டேன். மடிப்புகளை இரண்டு சென்டிமீட்டராக ஐந்தே ஐந்து வைத்து, தடித்த அட்டையில் குண்டூசியால் குத்தி, தண்ணீர் தெளித்து இரவு முழுவதும் காய விட்டிருக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

மடிப்பு நின்றுவிட்டது! கரைக்கு மெல்லிய பொன்னிற நாடாவைக் கண்ணுக்குத் தெரியாத தையலால் பிடித்தேன். ஒட்டுப்பசை போட்டால் கரை விறைக்கும். நாடாவின் சிறு எடையே முந்தானையைக் கீழே இழுத்துக்கொடுத்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை.

தலைமுடியையும் இன்றே கழுவினேன். துணிக்கு வாசனை போடும் திரவத்தில் ஊற வைத்து, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்து, கடைசியாக வெந்நீர் ஊற்றினேன். பின்னலும் போட்டாயிற்று.

பிப்ரவரி 3, திங்கள்

வீட்டில் காவடி விரதம் தொடங்கிவிட்டது. பூசையறைப் பணிகளுக்கு நடுவே புடவைத் துணியின் ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்து நனைத்துப் பார்த்தேன், சாயம் விட்டது. அப்படியே கட்டியிருந்தால் இந்த ஈரக்காற்றில் ஒரே மாதத்தில் தொடை முழுவதும் ரோஜா நிறம் ஊறியிருக்கும், காதுக் கறையைவிட அது கொடியது. தைத்த புடவையை உப்பு நீரில் நான்கு முறை அலசி, மறுபடியும் மடிப்பு வைக்க வேண்டியதாயிற்று. உள்ளே வெள்ளைப் பாவாடை ஒன்றும் தைத்தேன்.

பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே வைத்திருப்பவர்கள் பலரை அறிவேன். அவர்கள் ஆசை அவர்களுடையது. ஆனால் பெட்டிக்குள் கட்டிய ரப்பர் வளையங்கள் இற்றுப்போய்த் தோலில் கோடு விழுந்த பொம்மைகளை நான் கண்டிருக்கிறேன். எடுத்து, பார்த்து, உடுப்பு மாற்றி, காற்றாட வைப்பதே அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது.

பிப்ரவரி 8, சனி

அக்கா மகள் தன் பொம்மையையும் கொண்டுவந்தாள். 2015-இல் வந்த வகை அது. 22 மூட்டுகள் இருப்பதால் இரு கைகளையும் கூப்பி வணங்குகிறது. நிறமும் எங்களைப்போல் மாநிறம். என் பொம்மைக்குப் பொன்முடியும் நீலக்கண்ணும். முழங்கை மடங்கியபடியே வார்த்த கை, எதையும் கூப்பாது. எனக்கு ஒன்பது வயதில் கறுப்பு நிறத்தவளைப் பார்பி என்ற பெயரிலேயே முதன்முதலில் வெளியிட்டார்கள். கிட்டி பிளாக் பெர்கின்ஸ் வடிவமைத்த அந்த 1980-ஆம் ஆண்டுப் பொம்மை எங்கள் தீவில் என் கண்ணில் பட்டதே இல்லை. பட்டிருந்தால் அத்தைக்கு என்ன எழுதிக் கேட்டிருப்பேன் என்று இன்று நெடுநேரம் யோசித்தேன்.

காவடிக்கு என் பொம்மை ஏந்தும் பால்செம்புக்கு என்ன செய்வது என்று தேடியபோது, அம்மா தம் தையல் பெட்டியிலிருந்து, தைக்கும்போது விரலில் மாட்டும் விரற்கூடு ஒன்றைக் கொடுத்தார்கள். பித்தளை. கும்பிட்டு வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் விரற்கூட்டுக்குச் செம்பு நிறம் அடித்தேன். சாமி காரியத்தை விளையாட்டாக்குவதாக அம்மா நினைப்பார்களோ என்று அஞ்சினேன். அவர்களோ விரற்கூட்டின் வாயைக் கட்ட மஞ்சள் துணி நறுக்கிக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசக் காவடி

கோர் தெ கார்த் மலையடி முருகன் கோவிலிலிருந்து மாலைதான் திரும்பினோம். கால் கொதிக்கிறது.

ஆறு முறை களிம்பு போட்டும் இடக்காதில் வெளிறிய பச்சை நிழல் ஒன்று நின்றுவிட்டது. இன்னும் தேய்த்தால் சுற்றியுள்ள தோல் வெளுக்கும் என்பதால் இத்தோடு நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கம் துணியில் செய்த சிறு மல்லிகைச் சரத்தை இறக்கிவிட்டிருக்கிறேன்.

அக்கா மகள் குளித்துவிட்டு வந்ததும் இரண்டு பொம்மைகளையும் கூடத்துத் தரையில் வரிசையாக நிறுத்தினாள். கை கூப்பியவள் முன்னால், பால்செம்போடு என்னுடையவள் பின்னால். சாப்பாட்டு மேசைக்கால் ஆற்றங்கரையாம், ஜன்னல் மலையாம். "சின்னம்மா, உங்க பொம்மையை நீங்க நடத்துங்க, படி ஏறணும்" என்றாள். தரையில் உட்கார்ந்து, கொசுவம் கலையாமல் முழங்காலை ஒரு "டிக்" மடக்கி, முதல் படியில் ஏற்றினேன்.