ஃபீல்டு டெஸ்ட்டுக்கு உட்காரும் முன்

குளுக்கோமா என்னும் கண்நோய் உள்ளவர்களுக்குச் செய்யப்படும் காட்சிப்புலப் பரிசோதனையை, அதாவது ஓரப்பார்வை உட்படக் கண்ணுக்கு எட்டும் பரப்பை அளக்கும் பரிசோதனையை, எங்கள் மருத்துவமனையில் எல்லோரும் ‘ஃபீல்டு டெஸ்ட்’ என்றே சொல்கிறோம். அந்தக் கருவியருகே இருந்து பரிசோதனையை நடத்துவது என் வேலை. முடித்துவிட்டு வெளியே வருகிறவர்களில் பலர், “நிறைய வெளிச்சம் எனக்குத் தெரியவே இல்லையே” என்று கலங்கிப் போகிறார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

குளுக்கோமா பார்வை நரம்பை மெல்ல மெல்ல அழிக்கும் நோய். பெரும்பாலும் வலி இருக்காது. நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கக்கூடும் என்பதால், எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிடுகிறவருக்கும் ஓரப்பார்வையில் பெரும் பகுதி போயிருக்கலாம். ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் ஈடுசெய்கிறது. எஞ்சிய இடைவெளியை மூளையே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே கறுப்புத் திரை எதுவும் தென்படுவதில்லை, பக்கத்தில் வந்த வண்டி மட்டும் காணாமல் போகிறது. தென் தமிழகக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், குளுக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை கண்டறியப்படாதிருந்தது.

இந்தக் குறையைத் தேடிப் பிடிக்கும் முறை பழையது. டென்மார்க்கின் கண் மருத்துவர் யானிக் பியெரும் (Jannik Bjerrum) 1889இல் தம் அறைக் கதவின் பின்புறத்தையே திரையாக்கி, நடுப்பார்வையைச் சுற்றி வில்போல் வளையும் குறையை வரைந்து காட்டினார். நரம்பிழைகள் விழித்திரையில் மேலும் கீழுமாக வளைந்தோடுவதால்தான் குறைக்கும் அந்த வடிவம் அமைகிறது. இன்று அந்தக் கதவின் இடத்தில், மங்கிய ஒளி படர்ந்த அரைக்கோளக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணை மூடி, தாடையைத் தாங்கியில் வைத்து, நடுவிலுள்ள விளக்கையே பார்த்தபடி, ஓரத்தில் எங்கே ஒளி மின்னினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். வழக்கமான பரிசோதனையில் 54 இடங்கள் சோதிக்கப்படுகின்றன.

ஓரிடத்தில் ஒளி தெரிந்ததென்று நீங்கள் அழுத்தினால், அடுத்த முறை அதே இடத்தில் கருவி இன்னும் மங்கலான ஒளியைக் காட்டும்; தெரியாமல் போகும்வரை மங்கவைத்து, கண்ணுக்கு எட்டும் கடைசி ஒளி எது என்பதைக் கணக்கிடும். ஆகையால் குறையே இல்லாத கண்ணுக்கும் ஏறத்தாழப் பாதி ஒளிகள் தெரியாது. இதை அறியாதவர்கள் தோற்றுவிடுவோமோ என்ற அச்சத்தில் ஊகித்து அழுத்துகிறார்கள். அதனால் அறிக்கை உண்மையைவிட நன்றாக வந்து, நோய் முற்றுவது மருத்துவரின் கண்ணுக்கு மறைந்துபோகும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

வேறு சிலர் ஒளி எங்கே என்று கண்ணை அலையவிடுவார்கள். ஒவ்வொரு கண்ணிலும் இயற்கையாகவே உள்ள, ஒளியை உணராத இடமான குருட்டுப்புள்ளியில் கருவி இடையிடையே ஒளியைக் காட்டும்; அதற்கும் நீங்கள் அழுத்தினால், பார்வை நடுவிலிருந்து விலகிவிட்டது என்று பெரும்பாலும் குறித்துக்கொள்ளும். கண்ணைத் தாராளமாகச் சிமிட்டலாம்; அழுத்தும் கணத்தில் சிமிட்டுவது நல்லது. களைப்பாக இருந்தால், பரவலாகப் பயன்படும் ஹம்ஃப்ரி கருவியில் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தாலே பரிசோதனை நின்று காத்திருக்கும். இதை நோயாளிக்கு அவர் பேசும் தமிழில், அவசரமின்றிச் சொல்வது எங்கள் கடமை. அறிவுறுத்தலை ஒப்பித்துவிட்டு அறையைவிட்டு வெளியேறுவதை நான் ஏற்கமாட்டேன்.

முதல் அறிக்கை மோசமாக வந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். பழக்கமின்மை, தொங்கும் இமை, கண்புரை ஆகிய எதுவும் முடிவைக் கெடுக்கக்கூடும். நோய் வேகமாக முற்றுகிறதா என்று அறிய, புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆறு முறை பரிசோதிக்கலாம் என்று வல்லுநர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். நம் ஊரில் செலவும் பயணமும் அதற்கு இடம் தருவது அரிது. சொட்டு மருந்தால் கண்ணுக்குள் உள்ள அழுத்தம் குறைந்துவிட்டது என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. அழுத்தம் கட்டுக்குள் இருக்கும்போதே காட்சிப்புலம் சுருங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், மருத்துவர் குறித்த தேதியில் வந்துவிடுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாறினாலும் பழைய அறிக்கைகள் அனைத்தையும் தேதி வரிசையில் கொண்டுசெல்லுங்கள். அவற்றோடு ஒப்பிட்டால்தான் புதிய அறிக்கையில் மாற்றம் இருக்கிறதா என்று மருத்துவரால் சொல்ல முடியும்.